முதலில் குழந்தையின் படுக்கை

வாசகத் தாய் ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் அடுத்த வீட்டார் தங்கள் குழந்தைக்குத் திருத்தணியில் முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். பல ஆண்டுகளாக ஒருவர்க்கொருவர் உதவியாக வாழ்ந்து வருகிறோம். ஆகையால் எங்களையும் அன்போடு அழைத்திருக்கிறார்கள். விடியற்காலையிலேயே சடங்கு என்பதால் முதல் நாள் மாலையே சென்று விடுதியில் தங்க வேண்டும். எங்களுக்கு எட்டு மாதக் கைக்குழந்தையும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். கிடைத்திருப்பது ஓர் அறை. அதில் இருவருக்கான கட்டில் ஒன்று. நால்வரும் எப்படிப் படுப்பது என்று கேட்டால், 'ஓர் இரவுதானே, எப்படியாவது படுத்துக்கொள்ளலாம்' என்கிறார் என் கணவர். நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?"

வீண் கவலை அன்று. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் இந்தத் தாய் கேட்டிருக்கிறார். 'ஓர் இரவுதானே' என்னும் சொல்லிலும் 'எப்படியாவது' என்னும் சொல்லிலும்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வீட்டில் குழந்தை எங்கே படுக்கிறது, எந்தப் பக்கம் உருளும், இரவில் எப்பொழுது விழிக்கும் என்பதெல்லாம் பல மாதப் பழக்கத்தால் நமக்குத் தெரிந்திருக்கும். விடுதி அறையில் அந்தப் பழக்கம் ஒன்றும் துணைக்கு வராது. கட்டில் புதிது, இருட்டு புதிது, கதவும் சன்னலும் புதியவை. பயணக் களைப்பினால் பெற்றோரோ என்றும் இல்லாத அளவு ஆழ்ந்து உறங்குவர். வீட்டில் ஒரு மாதம் காட்டும் விழிப்பை விடுதியில் அந்த ஓர் இரவில் காட்ட வேண்டியிருக்கிறது.

திருத்தணி இக்கேள்விக்குப் பொருத்தமான ஊர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், அரக்கோணத்திற்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் இவ்வூர், முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்கும், ஆண்டின் கடைசி இரவில் நடைபெறும் படித் திருவிழாவிற்கும் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் திரள்கின்றனர். முகூர்த்த நாட்களில் திருமணங்கள். ஆண்டு முழுவதும் முடியிறக்கலும் காதணி விழாவும். ஆகவே இங்குள்ள விடுதிகளில் ஓர் இரவு தங்குவோரில் பச்சிளங்குழந்தையோடு வரும் குடும்பங்கள் மிகுதி. பயணத்தின் காரணமே பெரும்பாலும் குழந்தைதான். வேளாங்கண்ணித் திருவிழாவிற்குக் குடும்பத்தோடு சென்று, பிள்ளைகளுக்கு முடியிறக்கித் திரும்பும் நம் வாசகர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. ஊர் வேறு, ஆலயம் வேறு. அறையும் கட்டிலும் அழும் குழந்தையும் ஒன்றே.

யாருக்கு முதலிடம்?

விடுதி அறை என்பது வளர்ந்தவர் இருவரை மனத்தில் வைத்துக் கட்டப்படுவது. குடும்பம் உள்ளே நுழைந்ததும் நடப்பது என்ன? பெட்டி ஒரு மூலைக்குப் போகிறது. பெரியவர் கட்டிலில் சாய்கிறார். பாட்டி உடன் வந்திருந்தால் மற்றொரு பக்கம் அவருக்கு. மீதியுள்ள இடத்தில் குழந்தைகள் திணிக்கப்படுகின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே நாம் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. மிகச் சிறிய குழந்தை எங்கே படுக்கும் என்பதை முதலில் தீர்மானியுங்கள், அதற்கு அடுத்த பிள்ளையை அதன் பிறகு, பெரியவர்கள் கடைசியில். பெரியவர் எங்கும் உறங்குவர். உறங்காவிட்டாலும் மறுநாள் முகம் கழுவிக்கொண்டு நடப்பர். குழந்தைக்கு அது இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நான்கு முதல் பதினொரு மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர உறக்கம் வேண்டும். ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. விழாவில் குழந்தை காரணமின்றி வீறிட்டு அழுகிறது என்று நாம் நொந்துகொள்ளும்போது, முந்திய இரவில் அதன் உறக்கத்தை நாமே பறித்திருப்போம்.

கைக்குழந்தை

ஒரு வயது நிரம்பாத குழந்தையை மல்லாந்த நிலையில் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது இன்று உறுதிப்பட்ட மருத்துவ அறிவு. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதை வீடுதோறும் எடுத்துச் சொன்ன பின்னர், உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பாதியளவுக்கும் கீழே இறங்கின. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் புதுப்பித்துக் கூறிய அறிவுரையின் சாரம் இது: குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அவர்கள் அருகிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்கட்டும், படுக்கை சமதளமாகவும் அமுங்காததாகவும் இருக்கட்டும், தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் அதில் வேண்டா. எட்டு மாதக் குழந்தை தானாகப் புரண்டு குப்புறப் படுத்தால், இரவெல்லாம் விழித்திருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை; படுக்க வைக்கும்போது மல்லாத்திப் படுக்க வைத்தால் போதும்.

நம் நாட்டில் தாயின் அணைப்பில் குழந்தை உறங்குவது வழிவழி வந்த வழக்கம். ஆனால் நம் பாட்டிமார் படுத்தது தரையில் விரித்த கோரைப் பாயில். விடுதிக் கட்டிலிலோ ஆள் படுத்தால் பள்ளம் விழும் பஞ்சு மெத்தையும், பருத்த தலையணைகளும், கனத்த கம்பளியும் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தில் குழந்தை பெரியவர் பக்கம் சரிந்து முகம் புதைய வழியுண்டு. அளவு கடந்து களைத்தவர், தூக்கம் வருவிக்கும் மருந்து உட்கொண்டவர், புகைப்பவர், மது அருந்தியவர் ஆகியோர் படுக்கும் மெத்தையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. குறை மாதத்தில் பிறந்த குழந்தையானால் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும்.

எனவே அந்தத் தாய்க்கு நம் யோசனை இது. அறையின் ஒரு பக்கத்தில் தரையை நன்றாகப் பெருக்கித் துடைக்கச் சொல்லுங்கள். ஜமக்காளம் ஒன்றை மடித்து விரித்து, அதன்மேல் பாயும் மெல்லிய பருத்தித் துணியும் இட்டால் குழந்தைக்கு நல்ல படுக்கை ஆயிற்று. கைக்கு எட்டும் தூரத்தில் உங்களுக்கு வேறொரு பாய். கடைகளில் கிடைக்கும் குடை போன்ற குழந்தைக் கொசுவலையைக் கவிழ்த்துவிட்டால் கொசுவும் எறும்பும் அணுகா. ஆனால் வலை குழந்தையின் முகத்தில் படாதவாறு பாருங்கள். மற்றொன்றையும் மறவாதீர்கள். மூத்த பிள்ளை கட்டிலில் படுத்திருக்க, அதன் ஓரத்திற்கு நேர் கீழே கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாகாது. மேலிருப்பவன் உருண்டு விழுந்தால் அடி இருவருக்கும்.

கோடையில் திருத்தணியின் வெயில் வானிலை அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒன்று. நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்கள் அங்கு அரிதல்ல. சளி பிடிக்குமே என்ற அச்சத்தில் குழந்தைக்குக் குல்லாயும் கம்பளியும் போட்டு மூடுவது தவறு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்வை இருந்தால் உடையைக் குறையுங்கள். குளிர்சாதன அறையானால் காற்று நேராகக் குழந்தைமேல் வீசாத பக்கத்தில் படுக்கையை அமையுங்கள். பயணத்தில் தொல்லை கொடுக்காமல் தூங்கட்டும் என்று இருமல் மருந்தையோ சளி மருந்தையோ புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். குழந்தையின் மூச்சைத் தளர்த்தக்கூடிய மருந்து அது. தூக்கத்திற்கென்று தரப்படுவது அன்று.

தூளியைப் பற்றி

'சேலையில் தூளி கட்டிவிட்டால் போயிற்று' என்பார் பலர். வீட்டில் அதற்கென்றே உத்தரத்தில் இரும்பு வளையம் இருக்கும். விடுதியில் இல்லை. மின்விசிறி மாட்டும் கொக்கி விசிறிக்காக மட்டுமே பொருத்தப்பட்டது. சன்னல் கம்பி, துணி மாட்டும் ஆணி, அலமாரிக் கதவு ஆகியவை எவ்வளவு சுமை தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அன்றியும், தொங்கும் துணியில் மிகச் சிறிய சிசு வளைந்து படுக்கும்போது முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுப் பாதை குறுகலாம். சற்று வளர்ந்த குழந்தை எழுந்து புரண்டு, சேலையின் முறுக்கில் கழுத்துச் சிக்கிக்கொண்ட துயரச் செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். அழும் குழந்தையைத் தோளில் சாய்த்து, தாலாட்டி, அறைக்குள் நான்கு முறை நடங்கள்; தூங்கியதும் பாயில் கிடத்துங்கள். தாலாட்டுக்குக் கொக்கி தேவையில்லை.

ஓடியாடும் பிள்ளை

நான்கு வயது மகனுக்கு ஆபத்து வேறு வகையானது. அவன் விழுவான். வீட்டில் பாயில் உருண்டு பழகியவனுக்குக் கட்டிலின் ஓரம் எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் தெரியாது. இதற்காகக் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடுகிறோம். ஆனால் சுவருக்கும் மெத்தைக்கும் இடையில் சிறிது வெளி இருந்துவிட்டால், குழந்தை அதில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டாலும் நடுவில் அதே பிளவு உண்டாகும். தரையில் விழுந்த குழந்தை அழும், நாம் எழுவோம். பிளவில் சிக்கிய குழந்தையால் அழவும் முடியாது. ஆகவே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கட்டிலில் தனியே உறங்கவிடாதிருப்பதே நலம். மெத்தையை எடுத்துத் தரையில் போட்டுவிடுங்கள்; விடுதிக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளை தந்தையோடு கட்டிலில் படுக்கலாம். இருவரும் குறுக்காகப் படுத்தால் விழும் ஓரம் குறையும்.

தரையில் படுப்பது வசதியற்றோரின் வழக்கம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஜப்பானியரின் பழைய முறை விடுதிகளில் இன்றும் விருந்தினருக்குப் பாய்த் தரையிலேயே படுக்கை விரிக்கிறார்கள். தாய் ஒருபுறம், தந்தை ஒருபுறம், நடுவே குழந்தை என்று படுப்பதை அவர்கள் 'ஆறு' என்னும் பொருளுடைய எழுத்தைப் போல் படுத்தல் என்பர். அந்த எழுத்துக்கு நின்றவாக்கில் மூன்று கோடுகள், நடுக்கோடு சிறியது. நம் வீடுகளில் எழுத்தறியாத பாட்டியும் அப்படித்தான் பாய் விரித்தாள்.

புறப்படுமுன்னும் நுழைந்தபின்னும்

அறையைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். கூடுதல் மெத்தையோ பாயோ கிடைக்குமா, அதற்கு என்ன கட்டணம்? எத்தனை வயது வரை குழந்தைக்குத் தனிக் கட்டணம் இல்லை? கீழ்த்தளத்தில் அறை உண்டா? மின்சாரம் நின்றால் விசிறி ஓடுமா? அறையின் நாள் கணக்கு நுழைந்த நேரத்திலிருந்து 24 மணியா, அல்லது நண்பகலோடு முடிவதா? விடியற்காலைச் சடங்கு முடிந்து குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னால், பட்ட பாடெல்லாம் வீணாகும். கிருத்திகை, முகூர்த்த நாட்களில் இவற்றைப் பேரம் பேச முடியாது; ஆகையால் முன்னதாகவே உறுதி செய்க. பாய், ஜமக்காளம், கொசுவலை, வீட்டில் குழந்தை படுக்கும் பழைய துணி ஆகியவற்றை நீங்களே கொண்டுசெல்லுங்கள். அந்தப் பழைய துணியின் மணம் குழந்தைக்கு அது தன் படுக்கை என்று சொல்லும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்குமுன் பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். குளியலறையில் நிரம்பிய வாளி இருந்தால் கொட்டிவிட்டு, கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடுங்கள். தத்தி நடக்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரே உயிருக்கு எமனாகும். சன்னலருகே நாற்காலியோ கட்டிலோ இருந்தால் நகர்த்துங்கள். மாடி முகப்பின் கதவைப் பூட்டிச் சாவியை உயரத்தில் வையுங்கள். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளை எரிக்காதீர்கள். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிப்படும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு இணை என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. வலை இருக்கும்போது புகை எதற்கு?

மண்டபத்தில் உறங்குவோர்

அறை கிடைக்காமல் திருமண மண்டபத்திலேயே உறவினரோடு வரிசையாகப் படுக்கும் குடும்பங்களும் உண்டு. அங்கே குழந்தையை நடைவழியில் கிடத்தாமல் சுவரோரமாகப் படுக்க வைத்து, இரவு நடமாடுவோர் மிதித்துவிடாதபடி வெளிப்புறத்தில் பெற்றோர் படுக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு மறைவான ஓரிடம் ஒதுக்கித் தருவது விழா நடத்துவோரின் கடமை.

கூச்சத்தினால் நாம் பேசாது விடும் ஒன்றும் உண்டு. பெரிய கூட்டத்தில் பிள்ளைகளை யார் அருகில் உறங்க விடுகிறோம்? "மாமாவோடு படுத்துக்கொள், சித்தப்பாவோடு படுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நாம் பேச்சில் ஆழ்ந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்க 2012-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்த நாடு நம்முடையது. அத்தகைய குற்றங்களைச் செய்வோர் பெரும்பாலும் பிள்ளைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பதும் தெரிந்த உண்மை. யாரையும் ஐயுற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளை தன் தாய் தந்தையின் பக்கத்திலேயே உறங்கட்டும் என்பதை வீட்டு வழக்கமாக வைத்துக்கொண்டால், யாரையும் ஐயுறவோ புண்படுத்தவோ தேவை எழாது. "அவரருகில் படுக்க மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால், அதட்டாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

இரயிலில்

இரவுப் பயணமாக நெடுந்தூரம் செல்வோர்க்கும் இதே முறைதான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாவிடில் பயணச்சீட்டு இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்பது 2016 ஏப்ரல் 21 முதல் நடைமுறை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒரே பலகையில் இருவரை நெருக்கும்போது, இரவு முழுதும் தாய் ஒருக்களித்தே கிடக்கிறாள். 2022 மே மாதத்தில் வட இரயில்வே, லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில் கீழ்ப் படுக்கையோடு இணைத்து மடக்கக்கூடிய சிறு குழந்தைப் படுக்கையைச் சோதனையாக அமைத்தது. கைக்குழந்தையும் ஒரு பயணி. அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணிய அந்த எண்ணத்தைப் பாராட்டலாம். அத்தகைய வசதி இல்லாத பெட்டிகளில் கீழ்ப் படுக்கையில், குழந்தை சுவர்ப்புறமும் தாய் வெளிப்புறமுமாகப் படுங்கள்.

தந்தையரிடம் ஒரு சொல்

இரவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவு வரை ஒருவர், அதன்பின் மற்றவர் என்று விழிப்பு முறை வகுத்துக்கொண்டால் இருவருக்கும் சிறிது நேரமாவது கவலையற்ற உறக்கம் கிடைக்கும். பாலூட்டும் வேலை மட்டுமே தாய்க்கு உரியது. தோளில் போட்டு நடப்பது, துணி மாற்றுவது, வலையைச் சரி செய்வது எல்லாம் தந்தைக்கும் இயலும். மனைவியின் கேள்விக்கு, 'எப்படியாவது' என்பதை விட்டுவிட்டு, 'நான் பாய் விரிக்கிறேன், நீ குழந்தையைப் பார்' என்று விடை சொல்லிப் பாருங்கள்.

விடுதி நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். அறைக்கு இரண்டு பாய், ஒரு குழந்தைக் கொசுவலை, மங்கலான இரவு விளக்கு ஒன்று, கேட்ட நேரத்தில் வெந்நீர். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகாது. தமிழ்நாட்டில் இது புதுமையும் அன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இராமேசுவரம் செல்லும் சாலையில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சாதியினராயினும் வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்கே உணவுண்டு. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வருமாறு அழைப்பர். சிசுக்களுக்குப் பால் தருவர். கருவுற்ற பெண்களை அன்போடு பேணுவர். சத்திரத்திலேயே மகப்பேறு நேர்ந்தால் செலவை ஏற்று, மூன்று மாதம் வரை தங்க அனுமதிப்பர் என்று அதில் விவரித்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன், கட்டணம் வாங்காத சத்திரத்தில் வழிப்போக்கரின் குழந்தைக்கென்று பால் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கட்டணம் வாங்கும் விடுதியில் ஒரு பாயைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.